'சொல்லி அனுப்புகிறோம்' என்ற பிறகு

நேர்காணல் முடிந்து எழுந்திருக்கும்போது பெரும்பாலும் காதில் விழுவது ஒரே வாக்கியம்தான்: "எச்.ஆர்.லேர்ந்து கூப்பிடுவாங்க." அதை அப்படியே வீட்டிலும் சொல்லிவிட்டுக் காத்திருக்கத் தொடங்குகிறோம். மூன்று நாள், ஒரு வாரம், பத்து நாள் போகிறது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் கிரெடிட் கார்டு விற்பவராக இருக்கிறது. இந்தக் கட்டத்தில் சிலர், 'வேணும்னா அவங்களே கூப்பிட மாட்டாங்களா' என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சிலர் பொறுக்க முடியாமல் தினம் ஒரு வாட்ஸ்அப் தட்டிவிடுகிறார்கள். இருவர் மனதிலும் இருப்பது ஒரே எண்ணம்: நேர்காணலுக்குப் பிறகு விசாரிப்பது என்றால் வேலையைக் கெஞ்சிக் கேட்பது. முன்னவர் கௌரவம் பார்த்து அதைத் தவிர்க்கிறார், பின்னவர் கௌரவத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் செய்கிறார். என்னைக் கேட்டால் அந்த எண்ணமே தவறு. விசாரித்ததால் தேர்வுக் குழுவின் முடிவு மாறுவது அபூர்வம். மாறக்கூடியது நம்முடைய முடிவு. இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது, கையில் இருக்கும் இன்னொரு வாய்ப்பை ஏற்பதா விடுவதா, இப்போதைய வேலையில் என்ன சொல்வது என்பதையெல்லாம் தீர்மானிக்க ஒரு தகவல் தேவை. அந்தத் தகவலுக்காகத்தான் விசாரிக்கிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டால் யாரிடம், எப்போது, எத்தனை முறை கேட்பது என்ற கேள்விகள் பாதிக்கு மேல் தாமே தீர்ந்துவிடும்.

மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சென்னையிலோ கோவையிலோ ஓரளவு பெரிய தனியார் நிறுவனம் என்றால் டெக்னிக்கல் ரவுண்டு, மேனேஜர் ரவுண்டு, எச்.ஆர். ரவுண்டு என்று மூன்று கட்டமாவது இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் கேள்வி கேட்டவர் தன் கருத்தை எழுதிக் கணினியில் ஏற்ற வேண்டும். அவருக்கு அது தன் சொந்த வேலைக்கு மேல் வந்து சேர்ந்த வேலை. புராஜெக்ட் கெடு நெருங்கினால் நாலு நாள் தள்ளிப்போகும். எல்லோர் கருத்தும் வந்து சேர்ந்த பிறகு சம்பளக் கணக்கு தொடங்கும். நீங்கள் கேட்ட தொகை அந்தப் பதவிக்கு வைத்திருக்கும் வரம்புக்குள் வருகிறதா, அதே பதவியில் ஏற்கனவே இருப்பவர் வாங்குவதைத் தாண்டிவிடுகிறதா என்று பார்ப்பார்கள். தாண்டினால் மேலிடத்து ஒப்புதல் வேண்டும். மேலிடம் விடுப்பில் இருக்கும், அல்லது வேறு நாட்டில் இருக்கும். அதற்குள் காலாண்டு முடிந்து, பட்ஜெட் மாறி, அந்தப் பதவியே 'ஹோல்டு'க்குப் போய்விடுவதும் உண்டு. இத்தனையையும் துரத்திக்கொண்டிருக்கும் ரெக்ரூட்டரின் கையில் இதுபோல் இன்னும் பல பதவிகள் இருக்கும். மாதக் கடைசியில் அவரிடம் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்று கேட்பார்களே தவிர, எத்தனை பேருக்கு 'இன்னும் முடிவாகவில்லை' என்று பதில் எழுதினீர்கள் என்று கேட்க மாட்டார்கள். ஆகவே அவர் பேசாமல் இருப்பதைவைத்து உங்கள் நேர்காணல் எப்படிப் போனது என்று எடைபோடவே முடியாது.

இந்தியாவில், அதிலும் ஐ.டி. துறையில், இந்த மௌனம் நீள இன்னொரு வலுவான காரணம் நோட்டீஸ் பீரியட். 60 நாளும் 90 நாளும் இங்கே சாதாரணம். தேர்வானவர் ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வந்து சேருவார். அந்த மூன்று மாதத்தில் அதே லெட்டரைக் காட்டி இன்னோர் இடத்தில் கூடுதலாகக் கேட்கலாம். இப்போது வேலை செய்யும் நிறுவனமே சம்பளத்தை ஏற்றிக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். சேரவேண்டிய நாள் காலையில் போனை அணைத்துவிட்டுக் காணாமல் போகிறவர்களைப் பற்றி எச்.ஆர். வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் கதைகதையாகச் சொல்வார்கள். அதனால் இரண்டாவது இடத்தில் வந்தவருக்கு 'இல்லை' என்று எழுத எந்த ரெக்ரூட்டருக்கும் கை வராது. முதலாமவர் வந்து நாற்காலியில் உட்காரும்வரை இரண்டாமவரைக் கைவசம் வைத்திருப்பதில்தான் அவருக்கு லாபம். இது நியாயமா என்றால் நியாயமில்லை. ஆனால் முதலாமவர் வரவில்லை என்று தெரியும் நாளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதம் பழைய பட்டியலை அவசரமாகத் திறக்கிறார் ரெக்ரூட்டர். இதில் யார் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார், யார் எங்கோ சேர்ந்துவிட்டார் என்று அவருக்குத் தெரியாது. 'எனக்கு இப்போதும் ஆர்வம் உண்டு, 30 நாளில் சேர முடியும்' என்று நடுவில் ஒரு மெயில் அனுப்பியவர் இருந்தால் முதல் அழைப்பு அவருக்குத்தான். விசாரிப்பு வேலையையே வாங்கித் தரும் அரிய சந்தர்ப்பம் இது. இங்கும் யாரும் யாரையும் கெஞ்சவில்லை; அவருக்கு இல்லாத ஒரு தகவல் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

'வேறு கதியில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களே' என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு. அடுத்தவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று ஊகிப்பதில் நாம் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பதை உளவியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள். எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-ல் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டு, பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டபோது, எதிராளிக்குத் தன்னை உண்மையில் எவ்வளவு பிடித்திருந்ததோ அதைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். அதே ஆண்டு அதே இதழில் அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் நன்றிக் கடிதங்களைப் பற்றி எழுதினார்கள். கடிதத்தை வாங்குபவர் சங்கடப்படுவார் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்கு வாங்கியவர்கள் சங்கடப்படவில்லை, அடைந்த மகிழ்ச்சியோ எதிர்பார்த்ததைவிட அதிகம். இவை வேலை நேர்காணலை வைத்துச் செய்த சோதனைகள் இல்லை. நம்மை எடைபோடவே உட்கார்ந்திருப்பவர் விஷயத்தில் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊகம் ஒரே பக்கமாக, அதுவும் நமக்கு எதிராகவே சாய்கிறது என்பதற்கு இவை நல்ல சான்று. மறுபக்கமும் ஒன்று உண்டு. லாரா ஜர்ஜ், வனேசா போன்ஸ் இருவரும் 2021-ல் காட்டியது இது: அவசரமில்லாத அலுவலக மெயிலுக்கு அனுப்பியவர்கள் எவ்வளவு சீக்கிரம் பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்பதை, பெறுபவர்கள் கூட்டியே மதிப்பிடுகிறார்கள். நாம் சாவகாசமாகக் கேட்டதுகூட அந்தப் பக்கம் நெருக்குதலாகப் போய்ச் சேரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. முதல் விசாரிப்புக்குத் தயங்க வேண்டியதில்லை. தினசரி விசாரிப்புக்குத் தயங்கத்தான் வேண்டும்.

கேட்கும் விதத்தையும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 'ஹாய் சார், எனி அப்டேட்?' இதுதான் ரெக்ரூட்டர்களின் போனில் குவியும் செய்தி. அனுப்பியவர் யார், எந்தப் பதவி, எந்தத் தேதியில் வந்தார் என்று எதுவுமில்லை. பதில் சொல்ல விரும்பினாலும் அவர் பட்டியலைத் துழாவ வேண்டும். அந்த அரை நிமிடம் அவரிடம் இல்லை, எனவே பதிலும் இல்லை. இப்போது இதைப் பாருங்கள்: 'சீனியர் அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் பதவிக்காக ஜூன் 12 அன்று உங்கள் கிண்டி அலுவலகத்துக்கு நேர்காணலுக்கு வந்திருந்தேன். 20-ஆம் தேதிக்குள் தெரிவிப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். இந்தப் பதவியில் எனக்கு இப்போதும் ஆர்வம் இருக்கிறது. 30 நாள் நோட்டீஸில் சேர முடியும். முடிவை எப்போது எதிர்பார்க்கலாம் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.' கீழே முழுப் பெயரும் போன் எண்ணும். முதல் வாக்கியம் தேடும் வேலையை மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது, அவர்கள் சொன்ன தேதியைக் குறை சொல்லாமல் நினைவூட்டுகிறது. மூன்றாவதிலும் நாலாவதிலும் அவர்களுக்குப் பயன்படும் செய்தி இருக்கிறது. ஐந்தாவது ஒரே ஒரு கேள்வி, அதற்கு ஒரே வரியில் பதில் எழுதலாம். நேர்காணலுக்கு அழைத்து அவர்கள் அனுப்பிய அதே மெயிலுக்குப் பதிலாக இதை அனுப்பினால் பழைய விவரமெல்லாம் கீழேயே இருக்கும். நடைமுறையில் நாம் இதை ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். அப்போது தாலுகா ஆபீஸ் மனுவின் தொனி வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. நகைச்சுவையும் வேண்டாம், குத்தலும் வேண்டாம். ஜஸ்டின் க்ரூகரும் எப்லியும் மற்றவர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் கிண்டலாக எழுதியதா நிஜமாக எழுதியதா என்பது மெயிலிலேயே புரிந்துவிடும் என்று அனுப்பியவர்கள் உறுதியாக நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகக் கண்டுபிடித்தது, காசு சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிடச் சற்றே மேல்.

நேர்காணல் முடிந்த அன்றே நன்றி மெயில் அனுப்ப வேண்டுமா? அமெரிக்காவில் அது வேரூன்றிய வழக்கம். இங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை, அனுப்பாவிட்டால் குற்றமும் இல்லை. வேலைவாய்ப்புத் தளங்கள் அவ்வப்போது கணக்கெடுப்பு நடத்தி, நன்றி சொல்பவர்களையே மேலாளர்களுக்குப் பிடிக்கிறது என்று சொல்வதுண்டு. மேலாளர்கள் கணக்கெடுப்பில் சொல்வதும் தேர்வில் செய்வதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் எனக்கு அவற்றில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் சொல்ல ஒரு விஷயம் இருந்தால் அந்த மெயிலுக்கு மதிப்புண்டு. மேலே சொன்ன அக்கவுன்ட்ஸ் பதவியையே எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையையும் கொள்முதல் பதிவேட்டையும் ஒப்பிடும்போது சப்ளையரின் இன்வாய்ஸ் விடுபட்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, நீங்கள் பதற்றத்தில் பாதி பதிலோடு நிறுத்தியிருக்கலாம். மீதியை இரண்டு வரியில் எழுதி, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று முடித்தால், வெறும் உபசாரமாக இருந்திருக்க வேண்டிய மெயில் உங்கள் வேலைத்திறனுக்குச் சான்றாகிவிடும். சொல்ல ஒன்றுமில்லை என்றால் ஒரு வரி நன்றியோடு விட்டுவிடலாம், அனுப்பாமலும் இருக்கலாம்.

எப்போது கேட்பது என்பதற்கான விடையை நேர்காணல் அறையிலேயே வாங்கிவிட வேண்டும். "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள் இல்லையா, அப்போது, "முடிவு எப்ப தெரியும் சார்? அதுவரைக்கும் நான் யாரைத் தொடர்புகொள்ளலாம்?" என்று கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு கேள்வியால் பிறகு அனுப்பும் மெயிலுக்கு உரிமை வந்துவிடுகிறது. அவர்களே சொன்ன தேதி கடந்து இரண்டு வேலை நாள் ஆனதும் எழுதுவதை யாரும் நச்சரிப்பு என்று சொல்ல முடியாது. தேதி எதுவும் சொல்லவில்லையென்றால் ஒரு வாரம் விட்டு எழுதலாம். பதில் வராவிட்டால் இன்னும் ஒரு வாரம், பத்து நாள் கழித்து இரண்டாவது முறை. அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த மௌனத்தையே தகவலாக எடுத்துக்கொண்டு அடுத்த இடத்தைப் பார்க்க வேண்டியதுதான். அடுத்த இடத்தைப் பார்ப்பதை அதுவரை தள்ளிப்போடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்லபடியாகப் போன ஒரு நேர்காணலை நம்பித் தேடலை நிறுத்திவிடுவதால் வரும் நஷ்டம் ஒரு மெயிலின் சங்கடத்தைவிடப் பல மடங்கு பெரியது. இந்தக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: கையில் வேறு ஆஃபர் வந்து, அதற்குப் பதில் சொல்லும் கெடு நெருங்கும்போது காத்திருக்க வேண்டாம். 'இன்னொரு நிறுவனத்தின் ஆஃபருக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் நிறுவனத்தில் சேரவே விருப்பம். அதற்குள் உங்கள் முடிவு தெரியுமா?' என்று கேட்கலாம். தூங்கிக்கொண்டிருக்கும் ஒப்புதலை எழுப்பக்கூடியது கிட்டத்தட்ட இது ஒன்றுதான். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்வது மட்டும் ஆபத்து. 'வாழ்த்துகள், அங்கேயே சேர்ந்துகொள்ளுங்கள்' என்று பதில் வந்தால் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

கன்சல்டன்சி மூலம் போனவர்கள் நேரே நிறுவனத்துக்கு எழுதாமல் அந்தக் கன்சல்டன்சியிடமே கேட்பதுதான் முறை. ஆள் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கமிஷன். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது இந்தத் தொழிலில் பழகிய கணக்கு. உங்களுக்கு வேலை கிடைப்பதில் அவர்களுக்கும் காசு இருப்பதால் அவர்களே விசாரிப்பார்கள். அந்தக் கமிஷனைத் தருவது நிறுவனம். நேர்காணல் முடிந்ததும் 'செலக்ட் ஆயிட்டீங்க, லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டுங்க' என்று யாராவது பணம் கேட்டால், அவர் எந்தப் பெயரில் பேசினாலும், நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு விசாரிக்க வேண்டும். பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது.

நம் ஊரில் விசாரிப்பு என்றாலே பலருக்குச் சிபாரிசுதான் நினைவுக்கு வரும். மாமாவுக்குத் தெரிந்தவர் அங்கே பெரிய பதவியில் இருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாம் என்பார்கள். தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் நண்பர், 'பதவி இன்னும் காலியாக இருக்கிறதா' என்று உள்ளே கேட்டுச் சொல்வதில் தவறில்லை, அது தகவல். 'நம்ம பையன், பார்த்துக்குங்க' என்பது வேறு வகை. நல்ல மதிப்பெண் போட்டிருந்த மேலாளருக்கே அது எரிச்சலைத் தரும். அரசுத் தேர்வாணையங்கள் விஷயத்தில் விளையாட்டே கூடாது. ஆதரவு திரட்ட முயல்வது தகுதியிழப்புக்குக் காரணமாகும் என்று அறிவிக்கைகளிலேயே எழுதியிருப்பார்கள். அங்கே இப்படி விசாரிக்க வேண்டிய அவசியமும் குறைவு. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்கும் அரசிதழில் இடம்பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் 275 நேர்காணலுக்கு. இறுதி முடிவு வந்த பிறகு மதிப்பெண் தெரிந்துவிடும். நேர்காணல்வரை வந்து தேர்வாகாதவர்களில் சம்மதிப்பவர்களின் விவரத்தை மற்ற நிறுவனங்களுக்குக் காட்டும் திட்டத்தையும் ஆணையம் 'பிரதிபா சேது' என்ற பெயரில் நடத்துகிறது. சந்தேகமிருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மத்திய அரசு அலுவலகத்தைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தனியார் நிறுவனத்திடம் இப்படிக் கேட்க வழியில்லை.

இதைப் படிக்கும் சிலருக்குக் கோபம் வந்திருக்கும். கூப்பிட்டது அவர்கள், அரை நாள் லீவு போட்டுப் போனது நாம். பதில் சொல்ல வேண்டிய கடமையும் அவர்களுடையதுதானே, நாம் ஏன் நாகரிகமாக மெயில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்? இந்த மறுப்பு எனக்கு முழுக்க உடன்பாடு. கடமை அவர்களுடையதுதான். தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பொதுவில் விளம்பரம் செய்த பதவிக்கு ஒருவரை நேர்காணல் செய்தால், கடைசி நேர்காணல் நடந்த 45 நாளுக்குள் முடிவெடுக்கப்பட்டதா என்பதை அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தச் சட்டம்கூட வேட்பாளருக்கு வாங்கித் தருவது தகவலை மட்டும்தான் என்பதைக் கவனிக்கலாம். இந்தியாவிலும் இப்படி ஒரு விதி வர வேண்டும், கேட்கவும் வேண்டும். ஆனால் அது வரும்வரை மௌனத்துக்கு விலை கொடுப்பது நிறுவனம் இல்லை. வாடகையும் வங்கித் தவணையும் வேட்பாளருடையவை. கோபத்தில் கேட்காமல் இருந்தால் அந்த விலை கூடுமே தவிர, அவர்களுக்கு உறைக்கப்போவதில்லை.

'செலக்ட்' என்று வாய்வார்த்தையாகச் சொன்ன பிறகும் விசாரிப்பு முடிவதில்லை. ஆஃபர் லெட்டர் எழுத்தில் வந்து, அதில் சம்பளமும் சேரும் தேதியும் இருப்பதைப் பார்க்காமல் இருக்கிற வேலையை ராஜினாமா செய்யக் கூடாது. லெட்டர் வந்தாலும் சேரும் தேதி தள்ளிப்போகலாம். 2022-ல் கல்லூரி வளாகத் தேர்வில் ஆஃபர் வாங்கிய பொறியியல் பட்டதாரிகள் பலர் இரண்டு ஆண்டுவரை சேரும் தேதிக்காகக் காத்திருந்தார்கள். புனேயில் இயங்கும் ஐ.டி. ஊழியர் அமைப்பான 'நைட்ஸ்' 2024-ல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம்வரை புகார் கொண்டுபோனது. இத்தகைய நேரத்தில் போனில் கேட்பதைவிட மெயிலில் கேட்டுப் பதிலைச் சேர்த்து வைப்பது பின்னால் உதவும். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்பது அப்போதுதான் கையில் இருக்கும்.

'இந்த முறை வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்' என்று பதில் வந்தால், காரணம் கேட்பதால் பெரும்பாலும் பயனில்லை. சட்டச் சிக்கல் வரும், விவாதம் வளரும் என்ற பயத்தில் எச்.ஆர். துறையினர் உண்மைக் காரணத்தைச் சொல்வதில்லை. 'உங்கள் தகுதி சிறப்பாக இருந்தது' என்ற வகையில் ஏதோ ஒன்று வரும், அதைவைத்து எதையும் திருத்திக்கொள்ள முடியாது. கேட்டால் பதில் வரக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. பல நிறுவனங்களில், முக்கியமாக ஐ.டி.யில், ஒருமுறை நேர்காணலுக்கு வந்தவர் ஆறு மாதம் போல இடைவெளி விட்டுத்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும். 'கூலிங் பீரியட்' என்பார்கள். அது தெரியாமல் நடுவில் விண்ணப்பித்தால் கணினியே தள்ளிவிடும். எனவே தெரிவித்ததற்கு நன்றி சொல்லி, 'மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம், வேறு பிரிவுக்கும் அதே இடைவெளிதானா?' என்று கேட்கலாம். ரெக்ரூட்டருக்கு இதில் மறைக்க ஒன்றுமில்லை, அவர் சொல்லும் மாதத்தை நாட்காட்டியில் குறித்துவைக்கலாம்.